மஞ்சள் கடுதாசியும் நம் மரியாதையும்

சென்ற மாதம் நம் சங்க நிர்வாகக் குழுக் கூட்டத்தில், பொங்கல் விழாச் சாப்பாட்டை யாரிடம் ஒப்படைப்பது என்ற பேச்சு வந்தது. பல வருடங்களாக நமக்குச் சமைத்துப் போட்டு வந்த டோம்பிவிலி நண்பரின் பெயரை ஒருவர் சொன்னார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, இன்னொருவர், "அவர்தான் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டாரே! அவர் கையில் போய் சங்கப் பணத்தைக் கொடுப்பதா? அப்புறம் நமக்கும் சேர்த்து நாமம் போட்டுவிடுவார்" என்றார். மூன்று நான்கு பேர் சிரித்தோம். ஆம், சிரித்தவர்களில் நானும் ஒருவன். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

லோக்கல் ரயிலில் வீடு திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாய்க் குத்தியது. இந்த மனிதரின் கையால் சாப்பிடாத குடும்பம் நம் சங்கத்தில் உண்டா? மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, இது பற்றி நம் இதழில் எழுதலாமா என்று கேட்டேன். "பேர் மட்டும் வேண்டாம் அண்ணாச்சி, மற்றதெல்லாம் எழுதுங்க. கோர்ட்டிலேயே எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தாச்சு. இனி மறைக்க என்ன இருக்கு?" என்றார். அந்தச் சம்மதத்தின் பேரில்தான் எழுதுகிறேன்.

நான் வக்கீல் அல்ல. டிப்ளமா முடித்து 1981-இல் ரயில்வேயில் சேர்ந்து, 38 வருடம் தண்டவாளத்தோடும் ஜல்லியோடும் காலம் தள்ளி, 2019-இல் ஓய்வு பெற்றவன். இந்தச் சட்டப் புத்தகங்களை நான் புரட்டியதற்குக் காரணம் ஒரு பழைய கணக்கு.

1998-இல் கல்யாண் பக்கம் வேலை. என் செக்ஷனிலேயே எங்கள் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர். மழைக்காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு லைனில் தண்ணீர் ஏறிவிட்டது என்று செய்தி வந்தால் முதலில் குடையோடு நிற்பவர் அவராகத்தான் இருக்கும். அவருடைய தம்பி அம்பர்நாத்தில் லேத் பட்டறை போட்டிருந்தார். தம்பிக்காக இவர் எங்கள் ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 60,000 ரூபாய் கடன் வாங்கினார். இரண்டு பேர் ஷூரிட்டி வேண்டும். நான் ஒருவன், இன்னொரு நண்பர் ஒருவர். ஷூரிட்டிக் கையெழுத்து என்பது அந்த நாளில் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பது போல. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. ஃபாரத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று யார் படித்தார்கள்?

பட்டறை ஒரு வருடம்கூட ஓடவில்லை. அதற்குள் தம்பி ஐந்து வட்டிக்கு மூன்று இடத்தில் வாங்கியிருந்தார். அதிலும் அண்ணன் கையெழுத்து. சம்பள நாளில் ஆட்கள் ஆபீஸ் வாசலிலேயே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். 1999-இல் ஒரு நாள் மனிதர் டியூட்டிக்கு வரவில்லை. ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஊரிலும் இல்லை. குவார்ட்டர்ஸ் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள், விசாரணை நடந்தது, 2001-இல் வேலையிலிருந்து நீக்கி ஆர்டர் வந்தது. பதினேழு வருட சர்வீஸ். பென்ஷனும் கிராஜுவிட்டியும் அதோடு போயின. பி.எஃப். மட்டும் மிச்சம்.

கடன் சங்கத்துப் பாக்கி எங்கள் இருவர் தலையில் விழுந்தது. நாங்களே எழுதிக் கொடுத்திருந்த சம்மதத்தின் பேரில் என் சம்பளத்தில் மாதம் 1,150 ரூபாய் என்று 26 மாதம் பிடித்தார்கள். பெரிய பெண் அப்போது எட்டாவது. அந்த வருடம் புத்தகத்துக்கும் ஃபீசுக்கும் என் மனைவி இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அது திரும்பி அவள் கைக்கு வரவில்லை. இன்றும் சேட்டுக் கடைப் பக்கம் போனால் அவள் ஒன்றும் பேசாமல் நடப்பாள்.

இதுவரை நான் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீக்க ஆர்டர் வருவதற்கு முன்னால் ஒரு நாள் அந்த நண்பரின் மனைவி ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, இதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டார். எனக்கு அந்த மாதம்தான் முதல் பிடித்தம். கோபத்தில் அந்தக் காகிதத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா, அவர் வந்தால் பேசலாம்" என்று வாசலிலேயே வைத்து அனுப்பிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, பழைய விதிப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போடும்போதுதான் அது கண்ணில் பட்டது. 1966-ஆம் வருடத்து ரயில்வே ஊழியர் நடத்தை விதிகளில் 17-ஆவது விதி. கடன் வசூலுக்கோ திவால் அறிவிப்புக்கோ ஓர் ஊழியர் மேல் வழக்கு வந்தால் அதன் முழு விவரத்தையும் உடனே நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தன் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் நேர்ந்தது, ஊதாரித்தனத்தால் அல்ல என்று காட்டுவது அவர் பொறுப்பு. கடன் பட்டவுடன், திவாலானவுடன் வேலை தானாகப் போய்விடும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. அந்த நண்பருக்குக் கடனால் வேலை போகவில்லை. ஓடியதால் போயிற்று. ஒரு மனுவும் ஒரு கடிதமும் எழுதியிருந்தால் அவர் அறுபது வயது வரை சர்வீஸ் செய்திருக்கக்கூடும். எனக்கு அன்று இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தக் கோபத்தில் சொல்லியிருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தமிழில் இதற்கு எத்தனை பேர் வைத்திருக்கிறோம் பாருங்கள். திவால், நொடிப்பு, ஐ.பி. கொடுத்தல், மஞ்சள் கடுதாசி. எதைச் சொன்னாலும் கூடவே ஓர் ஏமாற்று வாடை. சட்டத்தின் பார்வை வேறு. கடனைத் தீர்க்க வழியே இல்லாதவன் தன்னிடம் உள்ளதையெல்லாம் கோர்ட்டின் முன் வைத்து, "இதைக் கடன் கொடுத்தவர்கள் விகிதப்படி பங்கிட்டுக்கொள்ளட்டும், மீதியிலிருந்து என்னை விடுவியுங்கள்" என்று கேட்கிறான். அவ்வளவுதான். ஏமாற்றுகிறவன் கோர்ட்டுக்கு ஏன் போகப் போகிறான்? அவனுக்கு இரவு பஸ் போதுமே.

ஆனால் அந்தச் சட்டம் எப்படி இருக்கிறது என்பது தனிக் கதை. மாட்டுங்காவில் இருக்கும் தமிழர் நொடித்துப் போனால் அவருக்கு 1909-ஆம் வருடத்து மாகாணத் தலைநகர் திவால் சட்டம். பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்றுக்கும் வெள்ளைக்காரன் எழுதியது. வழக்கு ஹைகோர்ட்டில். அதே மனிதர் டோம்பிவிலியில் ஃப்ளாட் வாங்கி வந்துவிட்டால் 1920-ஆம் வருடத்துச் சட்டம், வழக்கு மாவட்ட அளவில். லோக்கலில் ஒரு மணி நேரம் போனால் சட்டம் பதினொரு வருடம் இளமையாகிவிடுகிறது! இரண்டிலும் 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம். அந்த நாளில் 500 ரூபாய் பெரிய பணம்.

2016-இல் திவால் சட்டத் தொகுப்பு என்று புதிதாக ஒன்று வந்தது. பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாக வரும் பெரிய கம்பெனிகளின் வழக்கெல்லாம் இதன் கீழ்தான். கம்பெனிகளுக்குத் தனித் தீர்ப்பாயம், 330 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு, எல்லாம் உண்டு. தனி மனிதர்களுக்கும் அதில் மூன்றாம் பாகம் என்று ஒன்று எழுதினார்கள். எழுதியதோடு சரி. 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டும் அதை அமலுக்குக் கொண்டு வந்தார்கள். நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பஸ்தனுக்கு இன்னும் அந்த 1909-உம் 1920-உம்தான். மூன்றாம் பாகத்தில் ஏழைகளுக்கென்று ஒரு ‘புதுத் தொடக்கம்’ வைத்திருக்கிறார்கள். வருட வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடு கூடாது. மாதம் ஐந்தாயிரம் சம்பாதிக்கிறவனுக்கு யார் கடன் கொடுத்தார்கள் என்று நான் கேட்க விரும்புகிறேன். அதுவும் அமலுக்கு வரவில்லை.

2020-இல் ஊரடங்கு வந்தபோது புதுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, மார்ச் 25-க்குப் பிறகு தவணை தவறிய கம்பெனிகள் மேல் அதற்காகத் திவால் மனுப் போட முடியாதபடி காப்பாற்றினார்கள். அது சரிதான், தொழிற்சாலைகள் பிழைக்க வேண்டும். ஆனால் அதே மார்ச்சில்தான் நம் டோம்பிவிலி நண்பருக்குப் பதினோரு கல்யாண ஆர்டர் ரத்தானது. 2019-இல் புதிய சமையல் கூடத்துக்கும் வேனுக்கும் கடன் வாங்கியிருந்தார். அட்வான்ஸ்களைத் திருப்பிக் கொடுக்க மூன்று வட்டிக்கு ஐந்து லட்சம் வாங்கினார். நூற்றுக்கு மாதம் மூன்று என்றால் மாதம் 15,000 ரூபாய் வட்டி மட்டும், வருடத்துக்கு 36 சதவீதம். அதைக் கட்ட கிரெடிட் கார்டு. கார்டைக் கட்ட இன்னொரு கார்டு. பிறகு செல்போனில் கொடுக்கும் கடன். மூன்று வருடம் இப்படி ஓட்டினார். 2023-இல் வேனை வங்கி எடுத்துக்கொண்டு போன பிறகுதான் ஒரு வக்கீலைப் பார்த்தார். "ரெண்டு வருஷம் முன்னாடியே போயிருக்கணும் அண்ணாச்சி. நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பயந்தே பாதி வட்டி கட்டினேன்" என்றார். நாலு பேர் என்று அவர் சொன்னது நம்மைத்தான்.

மனுப் போட்டவுடன் கடன் தீர்ந்துவிடும் என்று எண்ணுபவர்களும் உண்டு. அதுவும் தவறு. 1920 சட்டத்தில் நடப்பது இது: சொத்து, கடன், கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் மறைக்காமல் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். கோர்ட் திவால் என்று அறிவித்தவுடன் சொத்து முழுவதும் கோர்ட் அல்லது ரிசீவர் கைக்குப் போகிறது. ஊரில் தாத்தா வீட்டில் உள்ள பங்கு, அக்காவோடு கூட்டாக இருக்கும் மனை எல்லாம் இதில் அடக்கம். விடுதலை கிடைக்கும் வரை புதிதாகச் சேரும் சொத்தும் அப்படியே. அதற்குப் பதிலாக, கோர்ட் அனுமதி இல்லாமல் எவரும் அந்தக் கடனுக்காக அவர் மேல் புது வழக்குப் போட முடியாது. கைதாகாமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவும் கேட்டு வாங்கலாம். வேண்டுமென்றே எதையாவது மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

கடன் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் நம்மவர்கள் முதலில் செய்வது ஃப்ளாட்டை மனைவி பேருக்கோ மைத்துனர் பேருக்கோ மாற்றுவது. இது சாமர்த்தியம் அல்ல. மாற்றிய இரண்டு வருடத்துக்குள் திவால் மனு வந்து அது ஏற்கப்பட்டால், அந்த மாற்றத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். நியாயமான விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குத்தான் விலக்கு. அதேபோல, மற்றவர்களை விட்டுவிட்டு மச்சானுடைய கடனை மட்டும் முன்கூட்டியே தீர்த்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் மனுப் போட்டால் அதுவும் செல்லாமல் போகலாம்.

திவால் ஆர்டர் வந்ததோடு வேலை முடியவில்லை. கோர்ட் ஒரு கெடு வைக்கும். அதற்குள் விடுதலை கேட்டுத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காவிட்டால் திவால் ஆர்டரையே ரத்து செய்துவிடுவார்கள், பாதுகாப்பும் போய்விடும். விடுதலை கொடுக்கும்போது கோர்ட் ஆளின் நடத்தையைப் பார்க்கிறது. சரியாகக் கணக்கு எழுதினாரா, சூதாடினாரா, ஆடம்பரமாய் வாழ்ந்தாரா, நொடித்தது தெரிந்தும் வியாபாரத்தை நீட்டினாரா என்று. சொத்து, கடனில் ரூபாய்க்கு எட்டணாகூடத் தேறவில்லை என்றால் அது தன் குற்றமல்ல என்று அவர்தான் காட்ட வேண்டும். நம் நண்பரிடம் இரண்டு கட்டு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் எத்தனை இலை, எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு கூலி என்று எழுதியது. அதுதான் இப்போது அவருக்குப் பெரிய துணை.

விடுதலை வந்தாலும் தீராத கடன்கள் உண்டு. சர்க்கார் பாக்கி, மோசடியால் ஏற்பட்ட பொறுப்பு, மனைவி மக்களுக்குக் கோர்ட் உத்தரவிட்ட ஜீவனாம்சம். வீட்டுக் கடனுக்கு அடமானமாய் இருக்கும் வீட்டையும் திவால் மனு காப்பாற்றாது. 2002-ஆம் வருடத்துச் சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து அதைத் தானே கைப்பற்றலாம். திரும்பிய செக்கும் தனி. அது கிரிமினல் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். வட்டிக்காரர் தேதி போடாத செக் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று நான் சொன்னால் ‘கொடுக்காவிட்டால் பணம் தரமாட்டானே’ என்பார்கள். அப்படிப்பட்ட பணம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

விடுதலை பெறும் வரை சில தடைகளும் உண்டு. பாராளுமன்றத்திலோ சட்டசபையிலோ உறுப்பினராக முடியாது, கம்பெனி டைரக்டராக முடியாது. இது நம்மில் யாருக்கும் பெரிய நஷ்டமல்ல. நஷ்டம் வேறு இடத்தில். தான் திவாலானவன் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. ஐம்பது ரூபாய்! மளிகைக் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பைக் கணக்கில் எழுதச் சொன்னால்கூட அந்த வரம்பைத் தாண்டிவிடும். 1909 சட்டத்தில் துணிமணி, படுக்கை, பாத்திரம், தொழில் கருவி எல்லாம் சேர்த்து 300 ரூபாய் வரை மனிதருக்கு விட்டுவைக்கச் சொல்கிறது. இன்று ஒரு நல்ல பிரஷர் குக்கர் வாங்க முடியுமா? இந்த எண்களை மாற்ற எந்த அரசுக்கும் நேரமில்லை. இதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆறுதலான விஷயங்களும் சட்டத்தில் இல்லாமலில்லை. அவை நம் குடும்பங்களுக்குத் தெரியாததால்தான் பயம் பெரிதாகிறது. வெறும் ஏழ்மையால் கட்ட முடியாதவனைச் சிறையில் போடக்கூடாது, கையில் இருந்தும் கட்ட மறுக்கும் கெட்ட எண்ணம் இருந்தால்தான் என்று 1980-லேயே சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். பணக் கடனுக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் ஜப்தி செய்ய முடியாது. சர்க்கார் பென்ஷன், கிராஜுவிட்டி, பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுப் பணம் இவற்றுக்கும் ஜப்தியிலிருந்து பாதுகாப்பு உண்டு. கணவன் வாங்கிய கடனுக்கு, கையெழுத்துப் போடாத மனைவி பொறுப்பல்ல. அவளுடைய சீதன நகை அவளுடையது. அப்பா கடனைப் பிள்ளை தீர்த்தே ஆகவேண்டும் என்ற பழைய விதியையும் 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் எடுத்துவிட்டது. அப்பாவிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளையின் பொறுப்பு. பிள்ளை மனமுவந்து தீர்த்தால் அது அவன் பெருந்தன்மை. வசூல்காரன் வந்து மிரட்டிக் கேட்க உரிமை இல்லை. வங்கிகளின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவு போட்டிருக்கிறது. ஐந்து வட்டிக்காரன் ரிசர்வ் வங்கிக்கு அடங்குவானா என்று கேட்காதீர்கள். ஆனால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும்போது கையில் ஒரு கோர்ட் காகிதம் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு.

ஜாமீன் கையெழுத்துப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வளையல் போன வீடு. 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிராவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவு. ‘முதலில் அவனிடம் கேள், கிடைக்காவிட்டால் என்னிடம் வா’ என்று நாம் நினைத்துக் கையெழுத்துப் போடுகிறோம். சட்டம் அப்படி இல்லை. வங்கி நேராக ஜாமீன்தாரரிடமே வரலாம் என்று 1969-இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதைவிடக் கசப்பானது, கடன் வாங்கியவர் திவாலாகி விடுதலையும் வாங்கிவிட்டாலும் ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை. அவர் தலையில் அது அப்படியே நிற்கும். 2021 மே மாதம் கம்பெனிகள் விஷயத்திலும் சுப்ரீம் கோர்ட் இதையேதான் சொன்னது. ஆகவே பிரைவேட் லிமிடெட் என்று போர்டு மாட்டிவிட்டு வங்கிக்குச் சொந்த உத்தரவாதம் எழுதிக் கொடுத்த நம் பையன்கள் கவனிக்கட்டும். கட்டித் தீர்த்த ஜாமீன்தாரர் கடன் வாங்கியவரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது, உண்மைதான். வாட்ச்மேன் வேலை பார்க்கும் மனிதரிடம் என்ன வசூலிப்பது?

நான் ஜாமீனே போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். நமக்கு நாம்தான் கையெழுத்து. 1981-இல் எனக்கு இங்கே வாடகை வீடு கிடைத்ததே ஒரு சங்கத்து அன்பர் பொறுப்பேற்றதால்தான். ஆனால் போடும்போது முழுத் தொகையும் நானே கட்ட நேர்ந்தால் கட்ட முடியுமா என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தவணை ஒழுங்காய்ப் போகிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. நீங்கள் ஜாமீன் போட்ட கடன் உங்கள் கிரெடிட் அறிக்கையிலும் ஏறும். ஒவ்வொரு கிரெடிட் தகவல் கம்பெனியும் வருடம் ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் ‘செட்டில்ட்’ என்று ஒரு வார்த்தை இருந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். முழுதாய்க் கட்டாமல் பேரம் பேசி முடித்தது என்று அர்த்தம். அந்தத் தகவல் குறைந்தது ஏழு வருடம் அவர்களிடம் இருக்கும்.

இனி நம் சங்கத்து விவகாரம். திவாலாகி விடுதலை பெறாதவர் பொருளாளராக இருக்கக்கூடாது என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன். அது அவருக்கே பாதுகாப்பு. நம் நண்பர் சென்ற வருடமே துணைச் செயலாளர் பதவியைத் தானாக விட்டுவிட்டார், யாரும் கேட்காமலே. ஆனால் உறுப்பினராக இருக்கவும், விழாவுக்குக் குடும்பத்தோடு வரவும், தான் அறிந்த தொழிலைச் செய்யவும் எந்தச் சட்டம் அவரைத் தடுக்கிறது? 1909 சட்டமும் 1920 சட்டமும்கூடக் கடன்காரனின் தொழில் கருவியை அவனிடமே விட்டுவைக்கின்றன. நாம் கரண்டியையும் பிடுங்கப் பார்க்கிறோம்.

பணம் பற்றிய பயம் இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. அட்வான்ஸ் எதுவும் கொடுக்க வேண்டாம். அரிசி, பருப்பு, வெல்லம், காய்கறியைச் சங்கமே நேரடியாய்க் கடையில் வாங்கட்டும். பாத்திரம் வாடகைக்கு எடுக்கட்டும். அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் கூலியை விழா முடிந்த அன்று செக்காகக் கொடுக்கலாம். அவரும் அதைக் கோர்ட்டில் கணக்குக் காட்ட வசதியாக இருக்கும். இதை அவரிடம் சொன்னேன். "கூலிக்கு வர்றதுல எனக்கு என்ன அண்ணாச்சி வெட்கம், பந்தியில நிக்க விட்டாப் போதும்" என்றார்.

செயலாளருக்கு இன்னொரு யோசனையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டம் தெரிந்த ஒருவரை அழைத்து நம் ஹாலில் ஒரு மணி நேரம் உட்காரவைப்போம். கடன் விஷயம் பேச வருபவர்கள் பின்வாசல் வழியாக வந்து போகட்டும், யார் வந்தார்கள் என்று நாம் பார்க்க வேண்டாம். கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தில் 1987-ஆம் வருடத்துச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உதவி உண்டு. அன்று காகிதத்தோடு என் வாசலில் நின்ற அந்த அம்மாளுக்கு இதை மட்டுமாவது நான் சொல்லியிருக்கலாம்.

சாப்பாட்டுப் பொறுப்பு யாருக்கு என்பது இந்த மாதக் கூட்டத்தில் முடிவாகும். அவர் பெயரை நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.